தட்டில் பாதி, பெட்டியில் மீதி

கொழும்பின் வானலையில் முதன்முதலாகப் போன இசை ஒரு கிராமபோன் தட்டிலிருந்து போனது. 1920களின் தொடக்கத்தில், மத்திய தந்திக் கந்தோரின் சின்ன அறையொன்றில், தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர்கள் தாங்களே கட்டிய ஒலிபரப்புக் கருவியை வைத்துப் பரீட்சித்துப் பார்த்தார்கள். அதன் பாகங்கள், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாதனத்திலிருந்து கழற்றி எடுத்தவை. முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் பிரதம பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர். பரீட்சை வெற்றி பெற்று, 1925 டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. பி.பி.சி. தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இந்தக் கட்டுரை சொல்ல வந்த பொருளுக்கு அந்த அறையில் வேலை இருக்கவில்லை. அக்காலத் தட்டில் ஒலி பதிந்த விதம் நேரடியானது. பாடகர் புனலுக்குள் பாடுவார். அந்த அதிர்வு மெல்லிய தகட்டை ஆட்டும், தகடு ஊசியை ஆட்டும், ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். கேட்பதற்கு அதே வழியில் திரும்பி வந்தால் போதும். அந்தப் பாதையில் மின்சாரத்துக்கு வேலையில்லை. கொழும்பு வானொலி பிறந்த அதே 1925இல்தான் மின்சார ஒலிப்பதிவும் சந்தைக்கு வந்தது. மைக்கும் வால்வும் நடுவில் புகுந்தன. தட்டின் கதை அன்று தொடக்கம் சிக்கலாயிற்று. அந்தச் சிக்கலில் பிறந்ததுதான் இன்று டேர்ன்டேபிளுக்கும் அம்ப்ளிபயருக்கும் நடுவே வைக்கிற, உள்ளங்கையில் அடங்குகிற போனோ ப்ரீஅம்ப் பெட்டி.

இந்தப் பெட்டியைத் தெரியாததால் நல்ல தட்டுகளைப் பழுது என்று எண்ணி ஒதுக்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் ஒரு குடும்பம் கனடாவுக்கோ லண்டனுக்கோ புறப்படும்போது, பெரியப்பா சேர்த்துவைத்த தட்டுகள் உறவினர் ஒருவரின் தொடர்மாடிக்கு வந்து சேரும். அவர் ஆசையோடு ஒரு டேர்ன்டேபிளை வாங்கி, அதன் வயரை வீட்டு அம்ப்ளிபயரின் ஒக்ஸ் சொக்கற்றில் நேரே கொடுப்பார். வொலியூமை முழுக்கத் திருப்பினாலும் பி. சுசீலாவின் குரல் அடுத்த வீட்டிலிருந்து கேட்பதுபோலத்தான் வரும். மிருதங்கத்தின் தொப்பி காணாமற் போயிருக்கும். சகர ஒலிகள் மட்டும் காதில் குத்தும். “தட்டு தேய்ஞ்சு போச்சு” என்று முடிவுகட்டி அதைத் திரும்பவும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார். தட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை. தட்டில் வெட்டியிருப்பது பாட்டின் ஒரு பாதி. மீதியைச் செய்து தரவேண்டியது பெட்டி. அது இல்லாமல் அவர் கேட்டது அரைப் பாட்டு.

ஏன் பாதியை மட்டும் வெட்டினார்கள் என்பதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். தட்டின் பள்ளத்தில் ஊசி இடமும் வலமுமாக ஆடுகிறது. ஒரே வேகத்தில் ஆடுவதென்றால், தாழ்ந்த சுருதிக்கு ஆட்டம் அகலமாக வேண்டும், உயர்ந்த சுருதிக்கு ஒடுக்கமாக இருந்தால் போதும். 1,000 ஹேர்ட்ஸ் ஒலியைவிட 50 ஹேர்ட்ஸ் ஒலிக்கு ஆட்டத்தின் அகலம் 20 மடங்கு. தவிலின் முழக்கத்தை உள்ளபடியே வெட்டினால் ஒரு பள்ளம் பக்கத்துப் பள்ளத்துக்குள் பாய்ந்துவிடும். அதைத் தவிர்க்கப் பள்ளங்களைத் தள்ளித் தள்ளி வெட்டினாலோ, ஒரு பக்கத்தில் கொள்ளக்கூடிய நேரம் சுருங்கிவிடும். உச்சத்தில் வேறொரு தொல்லை. அங்கே ஆட்டம் மிக நுண்ணியது, தட்டின் மேற்பரப்பில் இயல்பாகவே இருக்கும் சரசரப்பில் அது அமுங்கிப்போகும். ஆகவே வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உயர்ந்த ஒலிகளைக் கூட்டி வெட்டினார்கள். கேட்கும்போது குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைத்தால் பாட்டு உள்ளபடி வரும். உச்சத்தைக் குறைக்கும்போது தட்டின் சரசரப்பும் சேர்ந்து குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுத்திய இந்த யுக்தியை நான் ஒலிப்பதிவுக் கலையின் மிகப் பெரிய கெட்டித்தனங்களில் ஒன்றாக மதிக்கிறேன்.

இவ்வளவு இருந்தும், நமது வீடுகளில் நெடுங்காலம் இந்தப் பெட்டி தேவைப்படவில்லை. காரணம், ஊசியின் பின்னால் இருந்த படிகம். 1930களிலிருந்து, ஊசியைத் தாங்குகிற மலிவான பிக்-அப்களில் ரோஷல் உப்பு என்ற படிகத்தை வைத்தார்கள். அழுத்தினால் மின்னழுத்தம் தருகிற பொருள் அது. ஒரு வோல்ற் அளவுக்கே தரக்கூடியது. அதோடு, படிகம் ஊசி ஆடுகிற வேகத்தைக் கணக்கெடுப்பதில்லை, ஆட்டத்தின் அகலத்தைத்தான் கணக்கெடுக்கும். அதனால் குறைத்தும் கூட்டியும் வெட்டியதன் பெரும்பகுதி தானாகவே நேராகிவிடும். ஐரோப்பிய வால்வு றேடியோக்களின் பின்பக்கத்தில் பிக்-அப் சொக்கற் ஒன்று இருக்கும். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ மண்டபத்து மேசையில் பெரிய றேடியோ வைத்திருந்த வீட்டில், றெக்கோட் பிளேயரின் வயரை அந்தச் சொக்கற்றில் கொடுத்தால் பாட்டு வந்தது. யாரும் இடையில் ஒன்றையும் வாங்கவேண்டியிருக்கவில்லை.

ஆனால் ரோஷல் உப்பு பெயருக்கேற்ப உப்புத்தான். ஈரத்தில் கரையும், 55 பாகை செல்சியஸ் அளவில் பழுதாகும். கடற்கரையை ஒட்டிய காலி வீதியில், ஆண்டு முழுதும் ஈரக்காற்று வீசுகிற ஊரில், அந்தப் படிகம் நீடித்து உழைக்காது. பிறகு பேரியம் டைட்டனேட் போன்ற செரமிக் பொருள்கள் வந்து அந்தக் குறையைத் தீர்த்தன. 1960களில், 70களில் நம்மவர் பாவித்த சின்னப் பிளேயர்களில் பெரும்பாலானவை செரமிக் பிக்-அப், அதாவது செரமிக் கார்ட்ரிட்ஜ், வைத்தவையே. இந்தியாவில் எச்.எம்.வி. விற்ற ஃபியெஸ்டா வகைப் பிளேயரை வைத்திருந்த எவருக்கும் அது நினைவிருக்கும். உறுதியானது, மலிவானது, சத்தமும் தாராளம். ஆனால் அதன் ஊசி தட்டில் பாரமாக அழுத்தும். உச்ச ஒலிகளில் நுணுக்கம் குறைவு. வயலினின் நாதமும் புல்லாங்குழலின் மூச்சும் அதில் முழுதாக வருவதில்லை.

நுணுக்கம் வேண்டியவர்கள் காந்தத்தின் பக்கம் போனார்கள். ஊசியோடு ஒரு துண்டு இரும்போ காந்தமோ ஆட, அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். பாரம் குறைவு, தேய்மானமும் குறைவு. ஆனால் கிடைப்பது 5 மில்லிவோல்ற் அளவு, அதாவது படிகம் தந்ததில் இருநூறில் ஒரு பங்கு. அதுவும் வேகத்தைக் கணக்கெடுக்கிற மின்னழுத்தம். தாழ்வைக் குறைத்து வெட்டிய தட்டில் அது தாழ்வைக் குறைத்தே தரும். ஆகவே இரண்டு வேலைகளைச் செய்ய ஒருவர் வேண்டும்: சத்தத்தை ஏறத்தாழ 100 மடங்கு பெருக்குவது, வெட்டும்போது குறைத்தும் கூட்டியும் வளைத்ததை நிமிர்த்துவது. அமெரிக்காவின் ஜி.ஈ. கொம்பனி 1940களில் மலிவான காந்தக் கார்ட்ரிட்ஜ் ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதோடு சேர்த்துப் பாவிக்க வால்வு வைத்த ஒரு சின்ன முன்பெருக்கியையும், அதாவது ப்ரீஅம்பையும், தனியே விற்றது. இன்றைய மலிவுப் பெட்டிக்கு மூதாதை யார் என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

முன்பெருக்கி பிறந்தாயிற்று. ஆனால் எந்த அளவுக்கு நிமிர்த்துவது என்பதில் உடன்பாடு பிறக்கவில்லை. கொலம்பியா 1948இல் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தபோது தனக்கென ஒரு வளைவை வைத்துக்கொண்டது. ஆர்.சி.ஏ. விக்டருக்கு வேறொன்று. அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்கம் 1951இல் தன் பங்குக்கு ஒன்றைப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் டெக்காவுக்கு இன்னொன்று. டெக்காவின் அந்தப் பதிவு முறை பிறந்த இடம் கவனிக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் சத்தத்தையும் பிரித்தானிய நீர்மூழ்கியின் சத்தத்தையும் விமானப்படையினர் காதால் பிரித்தறியப் பயிற்சித் தட்டுகள் தேவைப்பட்டன. அதற்காக ஆர்தர் ஹாடியும் அவருடைய குழுவும் உயர்ந்த ஒலிகளைத் துல்லியமாகப் பதியும் முறையை உருவாக்கினார்கள். போர் முடிந்ததும் அந்த முறை இசைக்கு வந்தது. கொழும்பில் பாட்டை வானலையில் ஏற்றியதும் ஒரு நீர்மூழ்கியின் பாகங்கள்தான். தட்டின் ஒலி தெளிந்ததும் நீர்மூழ்கிகளைத் தேடிய காதுகளால்தான்.

அந்த நாட்களில் ஓர் அக்கறையான இசைப்பிரியர் ஒவ்வொரு தட்டின் லேபலையும் பார்த்து அம்ப்ளிபயரின் குமிழைத் திருப்பவேண்டியிருந்தது. 1953இல் இங்கிலாந்தின் குவாட் கொம்பனி வெளியிட்ட முன்பெருக்கியில் வெவ்வேறு வளைவுகளுக்கெனத் தனித்தனிப் பொத்தான்கள் இருந்தன. 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில்துறைச் சங்கம் ஒரே வளைவை ஏற்றுக்கொண்டதோடு இந்த இழுபறிக்கு முடிவு வந்தது. சங்கத்தின் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு அதை ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்கிறார்கள். அடுத்த ஆண்டு பிரித்தானியத் தரமும் அதே வழிக்கு வந்தது. 3180, 318, 75 மைக்ரோசெக்கன் என்ற மூன்று எண்களில் அந்த வளைவு முழுதும் அடங்கிவிடும். அதன்படி நிமிர்த்தும்போது, நடுவிலுள்ள 1,000 ஹேர்ட்ஸை அளவாக வைத்தால், 50 ஹேர்ட்ஸ் ஒலியை 7 மடங்கு கூட்டவேண்டும், 10,000 ஹேர்ட்ஸ் ஒலியை ஐந்திலொரு பங்காகக் குறைக்கவேண்டும். 20 ஹேர்ட்ஸ் தொடக்கம் 20,000 ஹேர்ட்ஸ் வரை பார்த்தால் வித்தியாசம் 80 மடங்குக்கும் மேல். ஒக்ஸ் சொக்கற்றில் நேரே கொடுத்தவர் இழந்தது எவ்வளவு என்பது இந்த எண்களில் தெரியும்.

உலகம் ஒரே வளைவுக்கு வந்த அந்தப் பத்தாண்டுதான் இலங்கை வானொலியின் பொற்காலம். 1950 செப்டெம்பர் 30ஆம் திகதி வர்த்தக சேவை தொடங்கியது. அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டு வீடுகளிலும் கேட்டது. அவருக்குப் பிறகு ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று அந்த வரிசை நீண்டது. அவர்கள் அறிவித்த சினிமாப் பாடல் கலையகத்துத் தட்டிலிருந்துதான் வந்தது. வளைவை நிமிர்த்துகிற வேலை கலையகத்திலேயே முடிந்து, நேரான பாட்டுத்தான் அலையில் ஏறியது. நமது ஊரில் இரண்டு தலைமுறைகள் இசைத்தட்டை நாள்தோறும் கேட்டும் இந்த ஒரு கருவியின் பெயரைக் கேள்விப்படாமல் வளர்ந்ததற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். வானொலி நிலையம் ஊர் முழுவதுக்குமாக ஒரு ப்ரீஅம்ப் வைத்திருந்தது.

அதில் ஓர் இழப்பும் இருந்தது. மத்திய அலையின் ஒடுங்கிய பாதையில் உச்ச ஒலிகள் ஏறுவதில்லை. சின்ன றேடியோவின் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் இறங்குவதில்லை. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தவர் என்ன வாசித்தார் என்று வானொலியில் கேட்டு வளர்ந்த பலர் அறியவே இல்லை. அதே பாடலின் 45 சுற்றுத் தட்டை நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜிலும் ஒரு ப்ரீஅம்பிலும் போட்டுக் கேட்கும்போது, ஐம்பது ஆண்டு பழகிய பாட்டில் புதிதாக ஒருவர் வந்து வாசிப்பதுபோல் இருக்கும்.

1960களில் வால்வின் இடத்துக்கு ட்ரான்சிஸ்டர் வந்தது. முன்பெருக்கி அம்ப்ளிபயரின் வயிற்றுக்குள்ளேயே போய், பின்புறத்தில் ‘போனோ’ என்ற சொக்கற்றாக மட்டும் வெளியே தெரிந்தது. ஜப்பானிய அம்ப்ளிபயர்களில் அது இல்லாத மொடலே அரிது. இலங்கையில் 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. ஊசியும் வால்வும் கிடைப்பதே அருமை, உள்ளதைத் திருத்தித் திருத்திப் பாவித்த காலம். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் கடைகளை நிறைத்தது கசெற் றெக்கோடர். மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியவர்களின் கையிலும் அதுவே இருந்தது. காந்தக் கார்ட்ரிட்ஜும் போனோ சொக்கற்றும் நமது வீடுகளில் பரவலாக வேண்டிய ஆண்டுகளில், நாம் செரமிக்கிலிருந்து நேரே கசெற்றுக்குத் தாவிவிட்டோம்.

அதற்கும் பிறகு 1983 ஜூலை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது இலங்கைச் சினிமாவின் மூலச் சுருள்கள் பலவும் சாம்பலாயின. எரிந்த வீடுகளில் எரிந்த தட்டுகளும் அந்த இழப்பில் சேரும். இன்று கொழும்புத் தமிழ் வீடொன்றில் அந்த ஜூலைக்கு முன்னான தட்டு ஒன்று மிஞ்சியிருக்கிறது என்றால், யாரோ அதைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறார்கள், அல்லது நல்ல அயலவர் ஒருவர் காப்பாற்றித் தந்திருக்கிறார், அல்லது பிறகு தேடி வாங்கியிருக்கிறார்கள். அதை அரைப் பாட்டாகக் கேட்டுவிட்டு ஒதுக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நீட்டி எழுத வைத்ததும் அதுதான்.

சோனியும் பிலிப்ஸும் உருவாக்கிய சி.டி. 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சி.டி.க்கு வளைவும் வேண்டாம், முன்பெருக்கியும் வேண்டாம். 1990களில் அம்ப்ளிபயர் செய்தவர்கள் செலவைச் சுருக்கப் போனோ சொக்கற்றை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். தட்டைக் கைவிடாதவர்களுக்கு அப்போது ஓர் இடைவெளி விழுந்தது: டேர்ன்டேபிள் இருக்கிறது, அம்ப்ளிபயர் இருக்கிறது, நடுவில் வேலை செய்கிறவர் இல்லை. அந்த இடைவெளியில்தான் தனிப் பெட்டி மறுபடி பிறந்தது. நாட், இங்கிலாந்தின் ரேகா, ஒஸ்திரியாவின் ப்ரோ-ஜெக்ட் ஆகியவை சின்னப் பெட்டிகளை விட்டன. ஜேர்மனியின் பெரிங்கர் விட்ட பீ.பீ.400 அவற்றைவிட மலிவு, 20 முதல் 30 டொலர் வரை. சீனத்திலிருந்து பெயர் தெரியாத பெட்டிகளும் அதே விலைக்கு வருகின்றன.

இவ்வளவு மலிவாக ஒரு நல்ல பொருளைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். அதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, 1970களில் வந்த சின்னச் சிப்புகள். 4558, டீ.எல்.072, என்.ஈ.5532 என்ற இலக்கங்களை றேடியோ திருத்துகிற எவரும் அறிவார். எட்டுக் கால் உள்ள ஒரு சிப்புக்குள் இரண்டு முழு அம்ப்ளிபயர்கள், இடக்காதுக்கு ஒன்று, வலக்காதுக்கு ஒன்று. வால்வு யுகத்தில் ஒரு பெரிய பெட்டியும் மின்மாற்றியும் செய்த வேலையை, ஒரு சோற்றுப் பார்சலை விட மலிவான துண்டு செய்கிறது. இரண்டாவது காரணம் கணக்கு. வளைவை நிமிர்த்தும் றெசிஸ்டர், கொண்டென்சர் மதிப்புகளைப் பலர் பல காலம் தோராயமாகவே போட்டுவந்தார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் 1979இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை, பிழை எங்கே வருகிறது, சரியான மதிப்பை எப்படிக் கணிப்பது என்பதை முழுதாக எழுதிவைத்தது. அன்று தொடக்கம் அந்தக் கணக்கு எல்லோருக்கும் பொது. விலை உயர்ந்த பெட்டிக்கும் மலிவான பெட்டிக்கும் அதே மூன்று எண்கள்தான்.

மலிவுப் பெட்டியின் குறைகளையும் சொல்லவேண்டும். அதன் எடப்டர் தரங்குறைந்ததாக இருந்தால் இரைச்சல் வரும். கொண்டென்சர்களைத் தெரிந்தெடுத்துப் போடாததால் இடமும் வலமும் நூலிழை வேறுபடலாம். சுருள் ஆடுகிற வகைக் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் அரை மில்லிவோல்ற் அளவுதான் தரும். அதைப் பெருக்க இந்தப் பெட்டிக்குச் சக்தி போதாது. ஆனால் காந்தம் ஆடுகிற வகைக் கார்ட்ரிட்ஜ் வைத்த சாதாரண டேர்ன்டேபிளுக்கு, பழைய தமிழ்த் தட்டுகளுக்கு, இது தாராளமாகப் போதும். பத்து மடங்கு விலையுள்ள பெட்டியோடு இதை ஒப்பிட்டுக் கண்ணைக் கட்டிக் கேட்டால் பெரும்பாலோர் தடுமாறுவார்கள் என்பது என் நம்பிக்கை. ஊசியின் விஷயம் வேறு. தேய்ந்த ஊசியையும் புதிய ஊசியையும் எவரும் உடனே பிரித்தறிவார், தேய்ந்த ஊசி தட்டையும் சேர்த்து அழிக்கும். 2022இல் ரூபா விழுந்து ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்டதையும், அதன் பிறகு 300ஐச் சுற்றி நின்றதையும் பார்த்த நமக்கு, எங்கே செலவழிப்பது என்ற கேள்வி சின்னதல்ல. கையிலுள்ள காசில் முதலில் நல்ல ஊசி, பிறகு மலிவான பெட்டி.

கொழும்பில் இந்தப் பெட்டியைப் பாவிப்பவர் முதலில் சந்திக்கிற எதிரி ‘ம்ம்ம்’ என்ற முணுமுணுப்பு. அதற்கும் அந்த வளைவுக்கும் நேரான தொடர்பு உண்டு. நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பெட்டி 7 மடங்கு கூட்டித் தருகிற இடமும் சரியாக 50 ஹேர்ட்ஸ். 100 மடங்குப் பெருக்கமும் சேர்ந்தால், வயரில் தெறித்த மின்னோட்டத்தின் சிறு நிழலும் 700 மடங்காகி ஸ்பீக்கருக்குப் போகும். ஆகவே டேர்ன்டேபிளிலிருந்து வருகிற மெல்லிய ஏர்த் வயரைப் பெட்டியின் திருகாணியில் இறுக்கமாகக் கட்டவேண்டும். பெட்டியை அம்ப்ளிபயரின் மின்மாற்றிக்கு மேலே வைக்கக்கூடாது, எடப்டரை வயரிலிருந்து தள்ளிவைக்கவேண்டும். டேர்ன்டேபிளுக்கும் பெட்டிக்கும் இடையில் உள்ள வயர் எவ்வளவு கட்டையோ அவ்வளவு நல்லது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இப்போது வருகிற மலிவு டேர்ன்டேபிள்கள் பலவற்றில், ஒடியோ-டெக்னிக்காவின் எல்.பி.60 போன்றவற்றில், ப்ரீஅம்ப் உள்ளேயே இருக்கிறது. பின்புறத்தில் ‘போனோ’, ‘லைன்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். லைனில் வைத்தால் வெளிப்பெட்டி தேவையில்லை, ஒக்ஸ் சொக்கற்றில் நேரே கொடுக்கலாம். லைனிலும் வைத்து வெளிப்பெட்டியையும் போட்டால் வளைவு இரண்டு முறை நிமிர்ந்து, பாட்டு குடத்துக்குள் இருந்து உறுமுவதுபோல் வரும். செரமிக் கார்ட்ரிட்ஜ் வைத்த சூட்கேஸ் பிளேயருக்கும் இந்தப் பெட்டி பொருந்தாது.

நமது ஈரத்தில் தட்டுகளில் பூஞ்சணம் பிடிக்கும். வினைல் தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் சேர்த்து, மெத்தென்ற துணியால் பள்ளத்தின் வழியே துடைத்து நிழலில் காயவிடலாம். 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது. ஸ்பிரிட் பட்டால் கரைந்துபோகும், ஒருபோதும் அதைத் தொடவிடாதீர்கள். அதன் பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைவிட மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசியை அதில் வைத்தால் ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் வாசிக்கும். அதற்கென்று அகன்ற ஊசி விற்கிறார்கள். 1954க்கு முந்தைய 78 தட்டுகளுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவும் சரியாகப் பொருந்தாது. ஒடாசிற்றி என்ற இலவசக் கணினி மென்பொருளில் பழைய வளைவுகள் பலவும் ஆயத்தமாக உண்டு. பெட்டியின் வழியே பதிந்து, பிறகு அதில் திருத்திக்கொள்ளலாம்.

பதிவது என்றதும் கடைசியாகச் சொல்லவேண்டியதற்கு வந்துவிட்டேன். கல்கத்தாவின் டம்டமில் அச்சான எச்.எம்.வி. சினிமாத் தட்டுகள் உலகில் வேறு பலரிடமும் இருக்கும். நமது நாட்டுத் தமிழ்த் தட்டுகள் அப்படியல்ல. பொப்பிசை என்று நாம் கொண்டாடிய பாடல்களில் சிலவே தட்டாக வந்தன. ஏ. ஈ. மனோகரனின் குரலும் திருகோணமலை எம். பி. பரமேஷின் குரலும் அவற்றில் இருக்கின்றன. எண்ணிக்கையில் குறைவாக வந்தவை, போரிலும் இடப்பெயர்விலும் இன்னும் குறைந்தவை. அப்படி ஒரு தட்டு உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால், அதை வைத்திருப்பவர் உலகில் நீங்கள் மட்டுமாகவும் இருக்கலாம். ஒரு நல்ல ஊசி, ஒரு மலிவான ப்ரீஅம்ப், ஒரு யூ.எஸ்.பி. ஒலிப்பதிவுக் கருவி, ஒரு கணினி, இவ்வளவும் போதும். தட்டைக் கழுவி, ஒருமுறை ஓடவிட்டு, 24 பிட் தரத்தில், சுருக்காமல் பதியுங்கள். லேபலையும் உறையையும் இரண்டு பக்கமும் படம் பிடியுங்கள். 2005 தொடக்கம் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவருகிற நூலக நிறுவனத்துக்குப் பிரதி ஒன்றைக் கொடுங்கள். தட்டைத் திரும்ப அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.